பெத்னல் கிரீன் யாருடைய கோட்டை?

வணக்கம் சார்,

நான் இருப்பது கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம், வேலை அதே பக்கம் பெத்னல் கிரீனில். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஆபீசில் அரசியல் பேச்சு சூடாகப் போகும். கூட வேலை செய்யும் ஒருவர், அவரும் நம் ஊர்க்காரர்தான், அடிக்கடி சொல்வது இது: "பெத்னல் கிரீன் தொகுதி நூறு வருஷமாக லேபர் கட்சியின் கோட்டை. 2019ல் 37,524 ஓட்டு வித்தியாசம். 2024ல் வெறும் 1,689. காரணம் ஒன்றுதான், மதம் பார்த்து ஓட்டுப் போட ஆரம்பித்துவிட்டார்கள். பிரிட்டிஷ் ஜனநாயகம் இப்படி இருந்ததே இல்லை." அதே மூச்சில், பக்கத்துத் தொகுதியில் தமிழ்ப் பெண் உமா குமரன் ஜெயித்தது நமக்கெல்லாம் பெருமை என்றும் சொல்கிறார். இரண்டும் எனக்கு ஒட்டவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அப்புறம் ஒரு சின்ன சந்தேகம். என்னிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட். நானும் இங்கே பார்லிமென்ட் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்று ஒருவர் சொன்னார். நிஜமா?

அன்புடன்,
ஆர்., ஈஸ்ட் ஹாம்

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் சொன்ன இரண்டு எண்களும் சரி. ஆனால் 'நூறு வருஷமாக' என்றும் 'இருந்ததே இல்லை' என்றும் சேர்த்துக்கொண்டார் பாருங்கள், அங்கேதான் தடம் புரள்கிறது.

முதலில் 2024ல் நின்றவர்கள் யார் என்று பார்த்துவிடலாம். ஜெயித்த ருஷனாரா அலி, வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியில் பிறந்து ஏழு வயதில் லண்டன் வந்தவர். முஸ்லிம். வாங்கிய ஓட்டு 15,896. இரண்டாவதாக வந்த சுயேச்சை அஜ்மல் மஸ்ரூரும் வங்கதேச வம்சாவளி, முஸ்லிம், போதாக்குறைக்கு இமாம். அவருக்கு 14,207. மதம் பார்த்துப் போட்டார்கள் என்றால், இந்த இரண்டு பேரில் யாருக்குப் போட்டது மத ஓட்டு, யாருக்குப் போட்டது மதம் பாராத ஓட்டு? இதே மஸ்ரூர் 2010ல் லிபரல் டெமாக்ரட் சார்பில் இதே ருஷனாராவை எதிர்த்து நின்று 11,574 ஓட்டில் தோற்றவர். அன்றைக்கும் அவர் முஸ்லிம்தான். அப்போது எடுபடாதவர் பதினாலு வருஷம் கழித்துக் கழுத்தருகே வந்து நின்றார் என்றால் நடுவில் வேறு ஏதோ நடந்திருக்கிறது. நடந்தது காசா போர். 2023 நவம்பரில் உடனடிப் போர்நிறுத்தம் கோரும் திருத்தம் பார்லிமென்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது லேபர் தலைமை ஆதரிக்கக் கூடாது என்றது. ஐம்பத்தாறு லேபர் எம்.பி.க்கள் தலைமையை மீறினார்கள். ருஷனாரா ஓட்டே போடவில்லை. தொகுதிக்காரர்கள் அதை மறக்கவில்லை.

இன்னொன்று, 37,524 என்ற எண்ணையே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். 2019ல் இரண்டாம் இடத்தில் இருந்த கன்சர்வேட்டிவுக்குக் கிடைத்தது 6,528 ஓட்டு. எதிரே ஆளே இல்லாத மைதானம். அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பார் என்ற நம் ஊர் முறைதான் அங்கேயும், நாம் கற்றுக்கொண்டதே அவர்களிடம்தானே. எதிர் ஓட்டு ஒரே ஆளிடம் சேராதவரை வித்தியாசம் மலையாகத் தெரியும். சேர்ந்த அன்று கரையும். தவிர, 2024ல் தொகுதியையே வெட்டி ஒட்டிவிட்டார்கள். பெத்னல் கிரீன் அண்ட் போ என்று இருந்தது பெத்னல் கிரீன் அண்ட் ஸ்டெப்னி ஆனது. ஆகவே அந்த இரண்டு எண்களும் ஒரே இடத்தின் எண்கள்கூட இல்லை.

சரி, இனி பழைய கதை. இந்தத் தொகுதியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் பிரிக் லேனில் இருக்கும் அந்தக் கட்டடத்தை, பிரெஞ்சு புராட்டஸ்டன்ட் தேவாலயமாக இருந்து யூதர்களின் தொழுகைக்கூடமாகிப் பின் மசூதியான கட்டடத்தை, இழுத்து வந்து நிறுத்துவார்கள். அழகான கட்டடம்தான். ஆனால் அது ஓட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது, விட்டுவிடுவோம்.

1885ல் பெத்னல் கிரீன் வடகிழக்கு, தென்மேற்கு என்று இரண்டு தொகுதிகளாகப் பிறந்தது. வடகிழக்கில் முதல் எம்.பி. ஜார்ஜ் ஹோவெல். செங்கல் கொத்தனாராக இருந்து தொழிற்சங்கத் தலைவரானவர், லிபரல் ஆதரவோடு பத்து வருஷம் எம்.பி.யாக இருந்தார். தொழிலாளி பகுதி, தொழிலாளித் தலைவர். இதற்கு மேல் பொருத்தம் வேண்டுமா? 1895ல் அவரை 160 ஓட்டில் தோற்கடித்தவர் யார் தெரியுமா? பம்பாயிலிருந்து வந்த பார்சி, மன்செர்ஜி பவநக்ரி. அதுவும் கன்சர்வேட்டிவ் கட்சி! சில வருஷம் முன்னால் 1892ல், பக்கத்து ஃபின்ஸ்பரியில் தாதாபாய் நௌரோஜி லிபரல் கட்சிக்காக ஐந்தே ஓட்டில் ஜெயித்த கதையை நாம் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். பவநக்ரியைப் பாடப்புத்தகம் தொடாது. அவர் சாம்ராஜ்ய விசுவாசி, காங்கிரஸ்காரர்கள் அவரை ஆமாம்சாமி என்று கேலி செய்தார்கள். (அதே ஆமாம்சாமி தென்னாப்பிரிக்க இந்தியர்கள் விஷயத்தில் காந்திக்காக லண்டனில் விடாமல் குரல் கொடுத்தார். மனிதர்கள் அப்படித்தான்.)

பெத்னல் கிரீனில் அன்றைக்குப் பார்சி ஓட்டு என்று எத்தனை இருந்திருக்கும்? கைவிரல் போதும். அந்த ஏழை வெள்ளைக்காரத் தொழிலாளிகள் அவரைத் தேர்ந்தெடுத்தது அந்த வருஷம் நாடு முழுக்க லிபரல்கள் மேல் வீசிய எதிர்ப்பு அலையில். மதுக்கடைகளை மூட உள்ளூர் மக்களுக்கே அதிகாரம் தரும் லிபரல் மசோதா லண்டன் தொழிலாளர் பகுதிகளில் அந்தக் கட்சிக்குப் பெரிய அடி என்பார்கள், மதுவிலக்கில் ஆட்சிகள் ஆடியதைப் பார்த்த நமக்கு அது புரியாத விஷயம் இல்லை. 1900ல் பவநக்ரி மறுபடி ஜெயித்தார், இம்முறை வித்தியாசமும் கூடியது. 1906ல் எதிர் அலை வந்தது, போய்விட்டார். நிறமும் மதமும் அந்த மூன்று தேர்தல்களிலும் பேசப்படாமல் இல்லை. தோற்ற ஹோவெல் மனம் கசந்து சொன்னதைப் படித்தால் இன்றைக்கும் முகம் சுளிக்கும். ஆனாலும் முடிவைத் தீர்மானித்தது அது இல்லை.

தென்மேற்கில் நடந்தது இன்னும் சுவாரசியம். சார்ல்ஸ் மாஸ்டர்மேன் என்ற லிபரல், தேசிய இன்ஷூரன்ஸ் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், 1914 பிப்ரவரியில் கேபினெட் அமைச்சராகிறார். அந்தக் காலத்தில் ஒரு விசித்திர விதி: எம்.பி. அமைச்சரானால் எம்.பி. பதவியை விட்டு மறுபடி மக்களிடம் போய் ஜெயித்து வர வேண்டும். பதவி உயர்வு கிடைத்ததற்கே தேர்வு! போனார். 24 ஓட்டில் தோற்றார். அவரை வீழ்த்திய கன்சர்வேட்டிவ்காரருக்கும் அவருக்கும் நடுவே ஜான் ஸ்கர் என்ற சோஷலிஸ்ட் நின்று பிரித்த ஓட்டு 316. மாஸ்டர்மேன் சில மாதம் கழித்து இப்ஸ்விச்சில் நின்றார், அங்கேயும் தோல்வி, கடைசியில் அமைச்சர் பதவியே போயிற்று. ஏழைகளுக்காகச் சட்டம் செய்த மனிதரை ஏழைகளின் தொகுதி அனுப்பிவைத்த விதம் இது, ஏனென்றால் வாரச் சம்பளத்தில் இன்ஷூரன்ஸுக்கென்று பிடித்த நாலு பென்ஸ்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

1922 முதல் 1945 வரை அதே தென்மேற்கில் பெர்சி ஹாரிஸ். லிபரல். நாடெங்கும் லிபரல் கட்சி கற்பூரமாகக் கரைந்துகொண்டிருந்த காலத்தில் இருபத்து மூன்று வருஷம் இந்த ஒரு மூலையில் நின்றார். வடகிழக்கு லேபர், லிபரல் என்று மாறி மாறிப் போய் 1935ல்தான் லேபரிடம் நிலைத்தது. இரண்டு தொகுதிகளையும் ஒரே நேரத்தில் லேபர் கையில் வைத்திருக்க 1945 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கு நடுவில் 1937 லண்டன் கவுன்டி கவுன்சில் தேர்தலில் ஆஸ்வால்ட் மோஸ்லியின் ஃபாசிஸ்ட் கட்சி வடகிழக்கு பெத்னல் கிரீனில் சுமார் 23 சதவீதம் வாங்கியது. யூதர்கள் மேல் வெறுப்பைத் தவிர அவர்களிடம் விற்க வேறு சரக்கில்லை. மதம் பார்த்து ஓட்டுப் போடுவது பிரிட்டனில் புதுசு என்கிற உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். அப்போது அந்த ஓட்டைப் போட்டவர்கள் வங்காளிகள் இல்லை.

ஆக, 'கோட்டை' என்பது 1945 முதல் 2005 வரை. அறுபது வருஷம், குறைந்ததில்லைதான். பெர்சி ஹோல்மன், இயன் மிக்கார்டோ, பீட்டர் ஷோர் என்று வரிசையாக லேபர். இந்த நீண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, துறைமுகமும் தொழிற்சங்கமும் இருந்தவரை ஓட்டு தானாக விழுந்தது. துறைமுகம் மூடியதும் விரிசல் பார்லிமென்ட் தேர்தலில் தெரிவதற்கு முன்னால் கவுன்சிலில் தெரிந்தது. 1986ல் பெத்னல் கிரீனும் அடங்கிய டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சிலையே லிபரல்கள் பிடித்து எட்டு வருஷம் ஆண்டார்கள். அங்கே எல்லாச் சண்டைக்கும் அடியில் இருப்பது வீடு. கவுன்சில் வாடகைக்குக் கொடுக்கும் வீடு யாருக்கு? பல வருஷமாக இருக்கும் குடும்பத்தின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை என்றார்கள் லிபரல்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் பல வருஷமாக இருந்த குடும்பங்கள் வெள்ளைக் குடும்பங்கள், ஒண்டுக்குடித்தனத்தில் ஏழெட்டுப் பேராக நெருக்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் சில்ஹெட்காரர்கள். இந்த மனக்கசப்பு முற்றி 1993ல், அதே கவுன்சிலின் மில்வால் வார்டில், இனவாத பி.என்.பி. கட்சி இடைத்தேர்தலில் ஏழு ஓட்டில் ஜெயித்தது.

வங்காளிகள் அரசியலுக்கு வந்தது இந்தச் சூழ்நிலையில், வீட்டு வரிசையில் நின்றபடி. லேபர் அவர்களைக் கவுன்சிலராக்கியது, எம்.பி. வேட்பாளராக்கத் தயங்கியது. 1997ல் ஊனா கிங் வேட்பாளர் ஆனார், அப்பா ஆப்பிரிக்க அமெரிக்கர், அம்மா யூதர். உள்ளூரில் முணுமுணுப்பு. நாடே டோனி பிளேர் அலையில் மிதந்த அந்தத் தேர்தலில் இங்கே கன்சர்வேட்டிவ் ஓட்டு விகிதம் கூடி லேபர் விகிதம் குறைந்தது, ஏனென்றால் கன்சர்வேட்டிவ் நிறுத்தியது கபீர் சௌத்ரி என்ற வங்காளியை. இந்த இடத்தில் உங்கள் நண்பர் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. நம்மவர் என்ற எண்ணம் ஓட்டில் இருக்கிறது, இல்லையென்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் 2005ஐப் பாருங்கள். ஊனா கிங் ஈராக் போருக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர். எதிர்த்து வந்தவர் ஜார்ஜ் கேலவே, ஸ்காட்லாந்துக்காரர், கத்தோலிக்கராகப் பிறந்தவர், போர் எதிர்ப்புக்காக லேபரிலிருந்து நீக்கப்பட்டு ரெஸ்பெக்ட் கட்சியில் நின்றவர். 15,801க்கு 14,978. வித்தியாசம் 823. எட்டு வருஷத்துக்கு முன் நம்மவரைத் தேடிய அதே தெருக்கள் ஒரு வெள்ளைக்காரருக்குக் குத்தின. பிரசாரம் அசிங்கமாகத்தான் நடந்தது, ஊனா கிங் மீது முட்டை எறிந்தார்கள், அவருடைய யூதப் பின்னணியைப் பற்றிய பேச்சும் ஓடியது. கேலவே அடுத்த ஜனவரியில் டிவி ரியாலிட்டி ஷோவில் பூனை மாதிரி நடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத் தொகுதி என்ன நினைத்திருக்கும் என்று நான் ஊகிக்கவில்லை. அவர் 2010ல் இங்கே நிற்கவில்லை, பக்கத்துத் தொகுதிக்குப் போய் மூன்றாவதாக வந்தார்.

2010ல் பெரிய கட்சிகள் எல்லாமே வங்கதேச வம்சாவளியினரை நிறுத்தின. எல்லோரும் நம்மவர் ஆனபின் 'நம்மவர்' என்பது வேலை செய்யாது, மற்றதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ருஷனாரா ஜெயித்தார்.

டவர் ஹாம்லெட்ஸில் மேயரான லுத்ஃபர் ரஹ்மான் விஷயத்தை உங்கள் நண்பர் எடுப்பார், எடுக்கட்டும். 2014ல் அவர் பெற்ற வெற்றியை 2015ல் தேர்தல் நீதிமன்றம் முறைகேடுகளுக்காக ரத்து செய்தது. அவருக்கு ஓட்டுப் போடச் சொல்லி இமாம்களின் கையெழுத்தோடு வந்த அறிக்கையை ஆன்மிக நிர்ப்பந்தம் என்று தீர்ப்பளித்தது, அதற்குத் துணை தேடி 19ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் கத்தோலிக்கப் பாதிரிகள் மேல் வந்த வழக்குகள் வரை போனார் நீதிபதி. போலீஸ் விசாரணையில் குற்ற வழக்கு எதுவும் வரவில்லை. ஐந்து வருஷத் தடை முடிந்ததும் 2022ல் மறுபடி நின்று ஜெயித்தார். இவரும் லேபர் கவுன்சில் தலைவராக இருந்தவர்தான், 2010ல் மேயர் வேட்பாளராகத் தேர்வான அவரைக் கட்சித் தலைமை தூக்கிய பிறகே சுயேச்சையானார். கேலவே, லுத்ஃபர் இருவரையும் லேபரே வளர்த்து லேபரே வெளியே தள்ளியது. கோட்டையை இடித்தவர்கள் வெளியிலிருந்து வரவில்லை.

உமா குமரன் விஷயம். 2024 மறுவரையறையில் போ பகுதியைப் பெத்னல் கிரீனிலிருந்து பிரித்து ஸ்ட்ராட்போர்டுடன் சேர்த்தார்கள், அந்தப் புதுத் தொகுதியில்தான் லேபர் சார்பில் அவர் ஜெயித்தார். ஈழத்திலிருந்து போரால் இடம்பெயர்ந்த பெற்றோரின் மகள், பிரிட்டிஷ் பார்லிமென்டுக்குப் போன முதல் தமிழ்ப் பெண். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அங்கே தமிழ் ஓட்டை மட்டும் எண்ணினால் டெபாசிட்கூடத் தேறாது. அவர் ஜெயித்தது லேபர் சின்னத்தில், மற்றவர் ஓட்டில், பவநக்ரி மாதிரியே. தமிழர் ஜெயித்தால் பெருமை, வங்காளி தன் ஆளைத் தேடினால் மதவெறி என்று உங்கள் நண்பர் இரண்டு தராசு வைத்திருப்பதுதான் உங்களுக்கு ஒட்டாமல் போயிருக்கிறது. உங்கள் மூக்கு சரியாக வேலை செய்கிறது.

கடைசியாக உங்கள் சந்தேகம். நிஜம்தான். பிரிட்டனில் முறையாகத் தங்கியிருக்கும் காமன்வெல்த் குடிமக்கள், இந்தியர், இலங்கையர், வங்கதேசத்தவர் எல்லோரும், பார்லிமென்ட் தேர்தலில் ஓட்டுப் போடலாம். எல்லோரும் ஒரே மகாராணியின் பிரஜைகள் என்று இருந்த காலத்தின் மிச்சம் அது, பவநக்ரியும் நௌரோஜியும் வேட்பாளராக நிற்க முடிந்ததும் அதனால்தான். ஆன்லைனில் பெயரைப் பதியுங்கள், தேர்தலுக்குப் பன்னிரண்டு வேலைநாள் முன்பே பதிவு மூடிவிடும், கடைசி நேரம் வரை விடாதீர்கள். வாக்குச்சாவடியில் இப்போது படத்தோடு அடையாள அட்டை கேட்கிறார்கள். உங்கள் இந்திய பாஸ்போர்ட்டே போதும்.