மூக்கை மட்டும் வரையுங்கள்

மேசையின் இருபுறமும் அமர்ந்து பேசும் இருவர், உங்கள் குறும்படத்தின் ஸ்டோரிபோர்டில் (ஷாட்களைக் கட்டம் கட்டமாக வரைந்த தாளில்) ஒரே திசையைப் பார்ப்பதுபோலத் தெரிகிறார்கள். வரையத் தெரியாததுதான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். பாவம், கையின்மேல் ஏன் பழி? இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கட்டங்களைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, அறையை மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு தரைப்படம் போடுங்கள். மேசைக்கு ஒரு செவ்வகம், ஆட்களுக்கு இரண்டு வட்டங்கள். வட்டங்களை இணைத்து நேர்கோடு இழுங்கள். கேமரா நிற்கும் இடங்கள் எல்லாம் அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில், 180 பாகைக்குள் இருக்கட்டும். அப்போது ஒருவர் எப்போதும் வலப்பக்கமும் மற்றவர் இடப்பக்கமும் பார்ப்பார். மறுபக்கம் போயே ஆக வேண்டுமென்றால், வெட்டாமல் ஒரே ஷாட்டில் கேமராவை நகர்த்திக்கொண்டு போங்கள். பார்ப்பவர் கூடவே வந்துவிடுவார்.

பிறகு கட்டங்களுக்குத் திரும்பலாம். குச்சி உருவங்கள் போதும். மூக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். பார்வை எந்தப் பக்கம் என்று சொல்வது அதுதான். (நானும் உருளைக்கிழங்குக்கு மூக்கு வைத்ததுபோலத்தான் வரைவேன்.) மூட்போர்டு, அதாவது படத்தின் தோற்றத்துக்காகச் சேர்த்துவைக்கும் மாதிரிப் படங்களின் தொகுப்பு, நிறமும் ஒளியும் பேசுவதற்கு நல்லது, இந்தச் சிக்கலுக்கு உதவாது.

வரைந்த கட்டங்களைக் கைப்பேசியில் படமெடுத்து, வசனத்தை உங்கள் குரலிலேயே பதிந்து, எடிட்டிங் மென்பொருளில் வரிசையாக அடுக்கிப் பாருங்கள். இதுதான் அனிமேட்டிக். தாளில் அழகாகத் தோன்றிய மௌனம் திரையில் இழுக்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். ஷாட் பட்டியலை அதற்குப் பிறகு எழுதுங்கள். முன்பே எழுதினால் பாதியை அடிக்க வேண்டியிருக்கும்.