ஒரே சிப்பி, ஓராயிரம் ஓடுகள்

கேள்வி: கடற்கரையில் பொறுக்கிய சிப்பி ஓடுகளை மர அலமாரியில் சேர்த்து வைத்திருக்கிறேன். சிலவற்றின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது, அது என்ன? பல்கலைக்கழக அருங்காட்சியகங்களில் ஒரே வகைச் சிப்பியை இழுப்பறை இழுப்பறையாக அடுக்கி வைத்திருக்கிறார்களாமே, ஒன்றிரண்டு போதாதா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். லிவர்பூல் வணிகரான ராபர்ட் மக்கேண்ட்ரூ, கடலடியை வாரும் வலையைக் கொண்டு பல கடல்களில் அள்ளிச் சேர்த்த சிப்பி, சங்குகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்துவிட்டு 1873-இல் இறந்தார். அவை இன்று அங்குள்ள விலங்கியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. செங்கடலின் வடகோடியிலுள்ள சூயஸ் வளைகுடாவில் அவர் வலை இழுத்தது 1869 பிப்ரவரி, மார்ச் மாதங்களில். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதோ அதே ஆண்டு நவம்பரில். அதன்பின் செங்கடல் உயிரினங்கள் மத்தியதரைக் கடலில் குடியேறத் தொடங்கின; பிங்க்டாடா ரேடியாட்டா என்னும் முத்துச்சிப்பி 1874-லேயே அலெக்சாந்திரியாவில் பதிவாகிவிட்டது. கால்வாய்க்கு முன் அந்த வளைகுடாவில் எவை வாழ்ந்தன என்று இன்று கேட்டால், பதில் சொல்ல அந்த ஓடுகள் இருக்கின்றன. ஆனால் எங்கே, எப்போது எடுத்தது என்ற சீட்டு உடன் இருந்தால்தான் இது நடக்கும். சீட்டில்லாத ஓடு, எவ்வளவு அழகாயினும், அலங்காரப் பொருளே.

ஒரே இனத்துக்குள்ளும் வயதுக்கும் இடத்துக்கும் ஏற்ப வடிவமும் தடிப்பும் நிறமும் மாறும் என்பதாலும் ஒன்றிரண்டு போதாது. உங்கள் மட்டி ஓடு ஒன்றின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தசை பற்றியிருந்த மங்கலான தழும்பும், விளிம்பை ஒட்டி ஓடும் மெல்லிய கோடும் தெரியும். அக்கோடு ஒரு பக்கத்தில் உள்வாங்கி வளைந்திருந்தால், நீரை உறிஞ்சி வெளிவிடும் நீர்க்குழலை உள்ளிழுத்துக்கொண்டு மணலுக்குள் புதைந்து வாழ்ந்த சிப்பி அது.

வெள்ளைப் பொடி பெரும்பாலும் 'பைன் நோய்' எனப்படுவதாக இருக்கலாம். 1899-இல் இதைப் பற்றி எழுதிய பைன் என்பவர் நுண்ணுயிரிகளைச் சந்தேகித்தார். உண்மையில் இது நோயே அல்ல. மரம், குறிப்பாக ஓக், கசியவிடும் அசிட்டிக் அமில ஆவி, ஈரப்பதம் மிகுந்த காற்றில் ஓட்டின் சுண்ணாம்பை அரித்து உப்பாகப் பூக்கவைக்கிறது. வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். அரிபட்ட மேற்பரப்பு திரும்பி வராது. மீதமுள்ளவற்றை நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்புப் போகக் கழுவி, நிழலில் நன்கு உலர்த்தி, மரம் படாத பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். பொறுக்கிய இடமும் தேதியும் நினைவிருந்தால், பென்சிலால் எழுதி உள்ளே போட்டுவிடுங்கள்.