ஜெர்மன் டாங்கி அதிகாரி ஓட்டோ காரியுஸ் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு என்ன ஆனார்?

மருந்துக்கடை வைத்தார்!

மெடிக்கல் ஷாப் கவுண்டரில் நிற்பவன் என்பதால் எனக்கு இவர் மேல் தனி ஆர்வம். தென்மேற்கு ஜெர்மனியில் ஹெர்ஷ்வைலர்-பெட்டர்ஸ்ஹைம் என்ற சின்ன ஊரில், 1956-ல் திறந்த கடை. பெயர் ‘டைகர் அபொதீக்கே’, அதாவது புலி மருந்தகம். காட்டுப் புலி இல்லை, 57 டன் எடையுள்ள டைகர் டாங்கி.

1922-ல் பிறந்தவர். ஆள் நோஞ்சான், எடை போதாது என்று ராணுவத்தில் இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். ஒருவழியாகக் காலாட்படையில் எடுத்தார்கள், அங்கிருந்து டாங்கிக்குப் போனார். 1941 ஜூலையில் ரஷ்யாவில் இவர் இருந்த டாங்கியில் ஒரு குண்டு பாய்ந்தது. வயர்லெஸ் ஆபரேட்டருக்குக் கை போனது, இவருக்குப் பற்கள் போயின.

1943-ல் 502-வது கனரக டாங்கிப் பிரிவுக்கு வந்தார். லெனின்கிராடு, நார்வா, அப்புறம் லாட்வியா. எல்லோரும் சொல்லும் கதை 1944 ஜூலை 22 அன்று மாலினாவா கிராமத்தில் நடந்தது. எட்டு டைகர்கள் இருந்தும் இரண்டை மட்டும் உள்ளே விட்டார்: ஒன்றில் இவர், இன்னொன்றில் சக டாங்கித் தளபதி கெர்ஷர். சுமார் இருபது நிமிடத்தில் 17 சோவியத் டாங்கிகளை அழித்தார்கள் என்பது ஜெர்மன் தரப்புக் கணக்கு. காரியுஸ் அழித்தவை மொத்தம் 150 என்பதும் அப்படித்தான். அப்படியே நம்பிவிடாதீர்கள்.

இரண்டே நாளில் மாட்டிக்கொண்டார். டாங்கியை விட்டு இறங்கி, மோட்டார் சைக்கிளில் வேவு பார்க்கப் போன இடத்தில் கால், கை, முதுகு, கழுத்து என்று குண்டுகள். பின்னால் வந்த அவருடைய டாங்கிகள்தான் மீட்டன. ஜெர்மனியின் உயர் ராணுவ விருதான வீரச் சிலுவைக்கு மேல் ஓக் இலைப் பதக்கம் அந்த வாரமே அறிவிக்கப்பட்டது. பிறகு அதை அவருக்கு அணிவித்தவர் ஹிம்லர். ஆமாம், வதைமுகாம்களை நடத்திய அதே ஹிம்லர்.

1945-ல் மேற்கு ஜெர்மனியின் ரூர் பகுதியில் யாக்ட்டைகர் என்ற இன்னும் பெரிய வண்டி கொடுத்தார்கள். 70 டன்னுக்கு மேல் எடை, ஆனால் ஓட்டுபவர்களுக்கு அனுபவம் இல்லை. அமெரிக்க டாங்கிகளைக் கண்டதும் ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்காமல் அப்படியே திரும்பியது, மெல்லிய பக்கவாட்டுத் தகடு தெரிந்தது, உள்ளே இருந்த ஆறு பேரும் இறந்துபோனார்கள். ஏப்ரலில் காரியுஸ் சரணடைந்தார். பிறகு மருந்தியல் படித்தார். 2015-ல், 92 வயதில் இறந்தார்.

திறமைசாலி, துணிச்சல்காரர், சரி. ஆனால் அவர் சண்டையிட்ட லெனின்கிராடு முனையில், முற்றுகைக்குள் பல லட்சம் பேர் பட்டினியில் செத்தார்கள். எங்கள் கடைக்கு முதலாளியின் குலசாமி பெயர். அங்கே காய்ச்சல் மாத்திரை வாங்க வந்தவர் தலைக்கு மேல் ஒரு டாங்கியின் பெயர். நானாக இருந்தால் அந்தப் பலகையை மாட்டியிருக்க மாட்டேன்.