கூட்டின் உலோகமா, கூட்டின் வயிறா?

அமெரிக்காவில் வேலை பார்த்த நாட்களில், இலக்குச் சுடும் பயிற்சிக்காகத் தோட்டாக்களை நானே நிரப்பியவன். இப்போது காரைக்குடியில் ஓய்வு. இங்கே உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். எனவே வாசகர் கேள்விகளுக்கான இந்தப் பதில்கள் அறிவுக்கு மட்டும். கூடு என்பது மருந்தையும் குண்டையும் பிடித்திருக்கும் தோட்டாவின் உலோக உறை.

தேவகோட்டைத் தம்பி: பித்தளைக்குப் பதில் எஃகுக் கூடு என்றால் குண்டின் வேகம் குறையுமா ஐயா?

குண்டைத் தள்ளுவது வாயு, தம்பி, உலோகம் அல்ல. கூட்டின் வெளியளவு துப்பாக்கியின் அறைக்குள் பொருந்தியாக வேண்டும். சுவர் தடித்தால் உள்ளே இடம் குறையும். அதே அளவு வெடிமருந்து குறுகிய வயிற்றில் எரிந்தால் அழுத்தம் ஏறும், வேகமும் ஏறும். 7.62 மி.மீ. நேட்டோ ராணுவக் கூடும் .308 (குண்டின் விட்டம், அங்குலத்தில்) வேட்டைக் கூடும் வெளியே இரட்டைப் பிள்ளைகள். இரண்டும் பித்தளைதான். ராணுவக் கூடு பெரும்பாலும் தடிப்பு, அதனால் அதில் மருந்தைக் குறைத்துத் தொடங்குவார்கள். கடை எஃகுத் தோட்டா மந்தமாக இருந்தால், ஆலை போட்ட மருந்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

கண்டனூர் வாசகர்: உள்ளிடத்தை எப்படி அளப்பது?

தண்ணீரால். சுட்ட கூட்டில் பழைய தீமூட்டியை (மருந்தைப் பற்றவைக்க அடியில் பொருத்திய சிறு கிண்ணம்) எடுக்காமல் எடை போடுங்கள். விளிம்புவரை நீர் விட்டு, விரலால் தட்டிக் குமிழியை வெளியேற்றி, மேலே புடைத்து நிற்கும் துளியைத் துடைத்து, மறுபடி எடை. இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசமே உள்ளிடம். .308 கூட்டில் சுமார் 56 கிரெய்ன், அதாவது 3.6 கிராம் நீர் பிடிக்கும். வெறும் கூட்டின் எடையை நம்ப வேண்டாம். கனம் அடிப்பகுதியில் ஒளிந்திருக்கலாம்.

அதே வாசகர்: இரண்டு வகைக் கூட்டிலும் ஐந்து ஐந்து சுட்டுப் பார்த்ததில் வேகத்தில் வினாடிக்கு 15 அடி வித்தியாசம் என்கிறான் வெளிநாட்டு நண்பன்.

ஐந்து போதாது. வகைக்கு இருபது தோட்டாவாவது சுடச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி: டெக்சாஸில் இருக்கும் மகன் பித்தளைக் கூட்டை அம்மோனியா கலந்த திரவத்தில் துலக்குகிறான். புளி போதாதா?

உங்கள் புளியே மேல், ஆச்சி! தோட்டாப் பித்தளையில் செம்பு 70, துத்தநாகம் 30 பங்கு. வெடிக்கும்போது விரிந்து அறையை அடைத்து, உடனே சற்றுச் சுருங்கி வெளியே வரும். எஃகு அவ்வளவு இணங்காது. ஆனால் பித்தளைக்கு எமன் அம்மோனியா. ஆங்கிலேயர் காலத்தில் மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் வைத்த தோட்டாக்கள் கழுத்தில் விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவே காரணம் என்பது 1921-இல்தான் தெளிவானது. புளியில் ஊறப்போட்டு மறந்துவிடாமல், நன்றாக அலசிக் காயவைக்கச் சொல்லுங்கள். மினுமினுப்பால் வேகம் ஓர் அடிகூட ஏறாது என்பதையும் மகனிடம் சொல்லிவிடுங்கள்.