எதோடு ஒப்பிட்டீர்கள்?

வாசகர் கேள்வி பதில். இந்த மாதக் கேள்விகள் எல்லாம் கணினி, கைபேசி வழிப் பாடங்கள் பற்றியவை. பதில் சொல்பவர், சென்னையில் பள்ளிகளுக்கும் வங்கிகளுக்கும் கணினிப் பாடங்கள் எழுதி ஓய்வு பெற்றவர்.

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் கணக்கு ஆப் விற்க வீட்டுக்கே ஆள் வந்தார். "எங்கள் ஆப்பில் படித்த பிள்ளைகளுக்கு 40 சதவீதம் மதிப்பெண் ஏறியிருக்கிறது, ஆராய்ச்சியில் நிரூபணமானது" என்கிறார். நம்பலாமா அம்மா?
*ஒரு வாசகி, திருப்பூர்*

பதில்: அடுத்த முறை வந்தால் காபி கொடுத்து உட்கார வைத்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எதோடு ஒப்பிட்டீர்கள்?" ஜூனில் ஒரு தேர்வும் மார்ச்சில் ஒரு தேர்வும் வைத்தால் எந்தப் பிள்ளைக்கும் மதிப்பெண் ஏறத்தான் செய்யும். நடுவில் பள்ளிக்கூடம் இருந்தது, ட்யூஷன் இருந்தது, பிள்ளைக்கு வயதும் ஏறியது. "வாங்காதவர்களைவிட வாங்கியவர்கள் நன்றாகப் படிக்கிறார்கள்" என்று சொன்னாலும் போதாது. அத்தனை ஆயிரம் கட்டி ஆப் வாங்குகிற வீட்டில், பிள்ளை படிக்கிறதா என்று பார்க்கவும் யாராவது இருப்பார்கள். ஏறிய மதிப்பெண் ஆப்புக்குச் சேருமா, அப்படிப் பார்த்துக்கொள்கிறவருக்குச் சேருமா?

இதைப் பிரித்துப் பார்க்கக் குலுக்கல் வேண்டும். தில்லியில் அப்படி ஒரு ஆய்வு நடந்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகிய மூவரும் 2019இல் வெளியிட்டார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 619 பேர், எல்லாருமே சேர விருப்பம் சொன்னவர்கள். குலுக்கலில் பெயர் வந்தவர்களுக்கு மட்டும் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருள் உள்ள மையத்தில் பள்ளி நேரத்துக்கு வெளியே இலவச இடம். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். அதில் பாதி கணினி, பாதி சின்னக் குழுவாக ஓர் உதவி ஆசிரியரோடு. நாலரை மாதத்தில், இடம் கிடைக்காதவர்களைவிட இவர்கள் கணக்கில் 0.37 திட்ட விலக்கம் முன்னே போனார்கள். இந்தப் புள்ளியியல் பேச்சை வீட்டுக் கணக்காக்கினால், நூறு பேரில் 50ஆவதாக இருந்த பிள்ளை சுமார் 36ஆவது இடத்துக்கு வருவது போல. நல்ல முன்னேற்றம்தான். இந்தியிலும் ஏறியது, கொஞ்சம் குறைவாக.

விற்க வருகிறவர் சொல்லாத பகுதியும் அதே ஆய்வில் இருக்கிறது. பள்ளியின் கணக்குத் தேர்வில் அந்த உயர்வு தெரியவே இல்லை. காரணம் எளிது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். மென்பொருள் ஒவ்வொருவரையும் அவரவர் நிற்கிற இடத்திலிருந்து ஏற்றியது. பள்ளித் தேர்வோ அந்த வகுப்புப் பாடத்தைத்தான் கேட்கும். அதனால் உங்கள் மகள் வகுப்போடு ஒட்டிப் போகிறாளா, அடிப்படையிலேயே தடுமாறுகிறாளா என்பதை முதலில் பாருங்கள். அடிப்படையில் தடுமாறினால், அவள் அளவுக்கு இறங்கி வருகிற ஆப் வேண்டும். எட்டாம் வகுப்பு வீடியோவை மறுபடி மறுபடி ஓட்டுவது அதற்கு உதவாது.

கேள்வி: எங்கள் பள்ளிக்குக் கணினி ஆய்வகம் வந்திருக்கிறது. வாரத்தில் இரண்டு கணக்குப் பீரியடை அதற்கு விடச் சொல்கிறார்கள். பலன் உண்டா?
*ஓர் ஆசிரியர், மன்னார்குடி*

பதில்: சார், உங்கள் கேள்வியில் முக்கியமான விஷயம் கணினி இல்லை, அந்த இரண்டு பீரியடு.

குஜராத்தில் நடந்த இரண்டு ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 2000வாக்கில் வடோதராவின் நகராட்சிப் பள்ளிகள் நூற்றுக்கும் மாநில அரசு பள்ளிக்கு நான்கு கணினி கொடுத்தது. ப்ரதம் என்ற தொண்டு நிறுவனம் அதில் நான்காம் வகுப்புக்குக் கணக்கு விளையாட்டுகளைப் போட்டது. ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள், வாரம் இரண்டு மணி நேரம்: ஒரு மணி பள்ளி நேரத்தில், இன்னொன்று பள்ளிக்கு முன்னாலோ பின்னாலோ. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் குலுக்கல் முறையில் பள்ளிகளைப் பிரித்து அளந்தார்கள். இரண்டாம் ஆண்டில் 0.47 திட்ட விலக்கம் உயர்வு, தில்லியைவிட அதிகம். ஆனால் திட்டம் நின்று ஓர் ஆண்டு கழித்து மறுபடி அளந்தபோது மிஞ்சியது 0.1 அளவுதான்.

அடுத்தது கியான் சாலா பள்ளிகள். ஒரு தொண்டு நிறுவனம் ஏழைப் பிள்ளைகளுக்கு நடத்துபவை. அங்கே ஆசிரியர்கள் ஏற்கெனவே திட்டமிட்டு நன்றாகவே சொல்லித்தந்துகொண்டிருந்தார்கள். லீ லிண்டன் என்ற ஆய்வாளர் ஒரே மென்பொருளை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார். வகுப்பு முடிந்த பின் கூடுதலாகக் கொடுத்த இடத்தில் 0.28 உயர்வு. வகுப்பு நேரத்தை எடுத்துக்கொண்டு கொடுத்த இடத்தில் 0.57 இறக்கம். நூற்றில் 50ஆவதாக நின்ற பிள்ளை 72ஆவது இடத்துக்குப் போவது போல. மென்பொருள் ஒன்றுதான், பிள்ளைகளும் அதே மாதிரிப் பிள்ளைகள்தான். எந்த நேரத்தைத் தின்றது என்பதுதான் வேறு.

ஆகவே தலைமையாசிரியரிடம் பேச முடிந்தால், கணக்குப் பீரியடை விட்டுவிட்டு மாலை நேரத்தைக் கேளுங்கள். முடியாது, பீரியடில்தான் என்றால், எந்த இரண்டு பீரியடு என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள்: புதுப் பாடம் நடத்துகிற பீரியடு வேண்டாம், பயிற்சிக் கணக்குப் போடுகிற பீரியடைக் கொடுங்கள். முதல் வருட ரிசல்ட்டை வைத்து "உதவாது" என்று எழுதிக் கொடுத்துவிடவும் வேண்டாம். அமெரிக்காவில் ஏழு மாநிலங்களில் 147 பள்ளிகளில் காக்னிட்டிவ் ட்யூட்டர் என்ற அல்ஜீப்ரா மென்பொருளை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் சோதித்தது. முதல் ஆண்டில் ஒரு பலனும் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளிகளில் 50ஆவது இடத்துப் பிள்ளை 42க்கு வந்தது. ஆசிரியர்களுக்கும் கை பழக வேண்டுமே.

கேள்வி: கைபேசியில் படித்தால் கண் கெடுமா?
*ஒரு தாத்தா, காரைக்குடி*

பதில்: கண் டாக்டரிடம் கேளுங்கள் ஐயா. என் படிப்பு அந்தப் பக்கம் போகவில்லை.

கேள்வி: இந்த ஈ-லேர்னிங் எல்லாம் கொரோனாவுக்குப் பிறகு வந்த மோகம்தானே?
*ஓய்வு பெற்ற பொறியாளர், கோவை*

பதில்: இல்லை சார், எனக்கும் உங்களுக்கும் பழக்கமான கணினிகளுக்கெல்லாம் இது மூத்தது. 1960இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் என்ற பொறியாளர் பிளேட்டோ என்ற பாட அமைப்பைத் தொடங்கினார். அறை முழுக்க அடைத்துக்கொண்ட இல்லியாக் கணினி, பார்க்க ஒரு டி.வி. பெட்டி, தட்ட சில விசைகள். படத்தை நிறுத்தி வைக்க நல்ல திரை இல்லையே என்று தேடிப்போய் பிட்சரும் கூட்டாளிகளும் 1964இல் பிளாஸ்மா திரையையே கண்டுபிடித்தார்கள். பின்னாளில் கடைகளில் விற்ற பிளாஸ்மா டி.வி.யின் பூர்வீகம் பாடம் நடத்தப் பிறந்த ஒரு திரை! 1972 வாக்கில் அது ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது, விரலால் தொட்டுப் பதில் சொல்லவும் முடிந்தது.

எனக்குப் பிடித்த கதை அதன் போட்டியாளருடையது. டிக்கிட் என்ற இன்னொரு அமைப்பு. எதை எப்போது படிப்பது என்பதை மாணவர் கையிலேயே விட்டார்கள். விதி வேண்டுமா, உதாரணம் வேண்டுமா, பயிற்சி வேண்டுமா, தனித்தனி விசை. 1970களில் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை இரண்டையும் சோதிக்க, தேர்வுகள் நடத்துகிற ஈ.டி.எஸ். என்ற நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தது. டிக்கிட்டில் படிப்பை முடித்தவர்கள் சாதாரண வகுப்பில் முடித்தவர்களைவிட நன்றாக எழுதினார்கள். ஆனால் முடித்தவர்கள் மிகக் குறைவு. "எங்கள் கோர்ஸை முடித்தவர்களைப் பாருங்கள்" என்று இப்போது விளம்பரம் வரும்போதெல்லாம் எனக்கு டிக்கிட் ஞாபகம் வரும். முடிக்காமல் போனவர்கள் எங்கே சார்?

கேள்வி: சென்னையில் ஈ-லேர்னிங் நிறுவனத்தில் ஸ்டோரிபோர்டு (பாடத்தில் திரைக்குத் திரை என்ன வரும் என்ற வரைவு) எழுதுகிறேன். கிளையண்ட் பின்னணி இசை, அனிமேஷன், வாய்ஸ் ஓவர், அதே வரிகள் திரையிலும், எல்லாம் வேண்டும் என்கிறார். எப்படி மறுப்பது மேடம்?
*ஓர் இளம் வாசகி, வேளச்சேரி*

பதில்: வாம்மா, நம்ம கட்சி. நீ மறுக்க வேண்டாம், ரிச்சர்ட் மேயரை மறுக்க விடு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்துப் பேராசிரியர். மின்னல் எப்படி உண்டாகிறது என்ற சின்ன அனிமேஷனை வைத்துக்கொண்டு அவரும் கூட்டாளிகளும் வரிசையாகச் சோதனை செய்தார்கள். குரலோடு அதே வாக்கியங்களைத் திரையிலும் ஓட்டினால் புரிதல் குறைந்தது. கண் படத்தைப் பார்ப்பதா, எழுத்தைப் படிப்பதா என்று அலைகிறது. பின்னணி இசை சேர்த்தாலும் குறைந்தது. மின்னல் பற்றிய சுவாரசியமான துணுக்குப் படங்களைச் சொருகினாலும் குறைந்தது. கிளையண்டுகளுக்கு இந்தக் கடைசி விஷயம்தான் நம்பவே முடியாது.

எழுத்து அடியோடு வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. காது கேளாதவர்களுக்கும், பாடத்தின் மொழி புதிதாக இருப்பவர்களுக்கும் அது வேண்டும். போட்டு அணைக்க ஒரு பட்டன் வைத்துவிடு.

அப்புறம், பாடம் முடிந்ததும் "பிடித்ததா?" என்று கேட்கிற ஃபீட்பேக் தாளை நம்பாதே. ஒரு வங்கிக்குக் காசோலை பற்றி ஒரு பாடம் செய்தோம். தாளில் எல்லாரும் "மிக நன்று" போட்டார்கள். ஆனால் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தபோது, ஒவ்வொருவரும் திரையில் இருந்த காசோலைப் படத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததால் அடுத்த பக்கம் போனார்கள். அந்தப் பக்கத்தில்தான் முக்கியமான விஷயம் இருந்தது. நிரல் எழுதும் முன்பே, ஸ்டோரிபோர்டைத் தாளில் அச்செடுத்து, அதைப் படிக்கப்போகிற ஆட்களில் ஒருவரையே உட்கார வைத்துப் பார். உன் டீம் லீடரை வைத்துப் பார்க்காதே. அவருக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும்.

கேள்வி: அலுவலகத்தில் வருடாவருடம் கட்டாய ஆன்லைன் பயிற்சி. "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று அழுத்தி முடித்துவிடுகிறேன். பாவமா?
*ஒரு வாசகர், தாம்பரம்*

பதில்: உங்கள் அலுவலகம் அளப்பது முடித்தீர்களா என்பதை மட்டும்தான். நீங்களும் அதைத்தான் கொடுக்கிறீர்கள்.

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கும் மகன் கணக்குக்கெல்லாம் சாட்ஜிபிடியிடம்தான் போகிறான். வீட்டுப்பாடம் எல்லாம் சரியாக இருக்கிறது. மகிழ்வதா, பயப்படுவதா?
*ஒரு தந்தை, நாகர்கோவில்*

பதில்: வீட்டுப்பாடத்தை வைத்து இரண்டும் வேண்டாம். துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களை வைத்து இதையே பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு, சாட்ஜிபிடி மாதிரியே விடை சொல்லும் சாதாரண ஜிபிடி-4. பயிற்சி நேரத்தில் அவர்கள், அது இல்லாதவர்களைவிட 48 சதவீதம் அதிகம் சரியாகப் போட்டார்கள். பிறகு அதை வாங்கி வைத்துக்கொண்டு தேர்வு வைத்தால், அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். இன்னொரு பகுதியினருக்கு, விடையைத் தராமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்களின் உதவியோடு மாற்றி அமைத்த ஜிபிடி-4. பயிற்சியில் அவர்கள் இன்னும் நன்றாகச் செய்தார்கள், தேர்விலும் அந்தச் சரிவு ஏறக்குறைய இல்லை.

பிள்ளைகள் விடையைக் கறந்துவிடுவது புதிதல்ல. பழைய பயிற்சி மென்பொருள்களிலும் 'ஹிண்ட்' பட்டனை விடை வரும்வரை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். அப்படிச் செய்கிறவர்கள் குறைவாகவே கற்கிறார்கள் என்று ரயன் பேக்கர் என்ற ஆய்வாளர் 2004லேயே காட்டினார்.

மகனை அதட்ட வேண்டாம். அதில் போட்ட கணக்குகளில் இரண்டை மறுநாள் காலையில் வெறும் தாளில் போடச் சொல்லுங்கள், போன் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். போட்டுவிட்டால் தொடரட்டும். திணறினால், "விடை சொல்லாதே, அடுத்த படிக்கு ஒரு குறிப்பு மட்டும் கொடு" என்று தொடங்கும் வாக்கியத்தை அவனே எழுதி ஒவ்வொரு முறையும் முதலில் ஒட்டப் பழக்குங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி அந்த இரண்டு கணக்கைக் கேளுங்கள்.