வாயிற்காப்போன் வடசென்னை பேசலாமா?

கேள்வி: ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்'தைத் தமிழில் போட்டோம். ஒரு பத்திரிகை விமர்சகர் மக்பெத்தையும் சூனியக்காரிகளையும் பாராட்டிவிட்டு, லேடி மக்பெத் பேசியது பாதி கேட்கவில்லை, வாயிற்காப்போன் வடசென்னைப் பேச்சில் சிரிப்புக் காட்டி நாடகத்தின் கனத்தைக் கெடுத்துவிட்டான் என்று எழுதிவிட்டார். அந்த வாயிற்காப்போன் நான்தான். பதில் எழுதலாமா?
- ஒரு வாசகர், காசிமேடு

பதில்: எழுதுங்கள் தம்பி, ஆனால் இன்றைக்கே வேண்டாம்.

கேட்கவில்லை என்றாரே, அதில் வாதாட ஒன்றுமில்லை. மண்டபத்து ஃபேன் சத்தம் ஒத்திகையில் உங்களுக்கு உறைத்திருக்காது, வசனம் மனப்பாடம் என்பதால் விட்டுப்போன வார்த்தையைக் காதே நிரப்பிக்கொள்ளும். அந்த அம்மா தூக்கத்தில் நடந்து வந்து, கையைத் தேய்த்துத் தேய்த்து, கறை போகவில்லையே என்று முணுமுணுக்கிற காட்சிக்காவது ஃபேனை நிறுத்துங்கள். வேர்த்தால் வேர்க்கட்டும்.

வாயிற்காப்போன் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. இந்தப் புகார் ரொம்பப் பழசு. மக்பெத் அரசனைக் கொன்ற கையோடு கதவு தட்டப்பட, இவன் வந்து உளறுகிற இந்தக் காட்சியை ஷேக்ஸ்பியரே எழுதியிருக்க மாட்டார், கூட்டத்துக்காக வேறு யாரோ சேர்த்தது என்று கவிஞர் கோல்ரிட்ஜே நினைத்தார். ஆனால் டி குவின்சி என்ற ஆங்கில எழுத்தாளர் 1823-இல் அங்கே கதவு தட்டப்படும் சத்தத்தைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை எழுதினார்: கொலை நடந்த வீட்டுக்குள் சாதாரண உலகம் திரும்ப நுழைவது அந்தச் சத்தத்தில்தான், நடந்ததன் பயங்கரம் நமக்கு உறைப்பதும் அப்போதுதான் என்று. மேடைக் கணக்கு ஒன்றும் இருக்கிறது, மக்பெத் ரத்தக் கையைக் கழுவி உடை மாற்றிக்கொண்டு வர நேரம் வேண்டாமா? அப்புறம், மூலத்திலேயே மக்பெத் பேசுவது பெரும்பாலும் செய்யுள், இவன் பேசுவது உரைநடை. குடித்த போதை தெளியாமல், தான் காப்பது நரகத்தின் வாசல் என்று நினைத்துக்கொண்டு உளறுகிறவன். அவன் 'இன்னாபா, இந்நேரத்துல யாரு' என்று கேட்டதில் என்ன தப்பு? பம்மல் சம்பந்த முதலியார் இதே நாடகத்தை 'மகபதி' என்று நம்மூர்க் கதையாகவே மாற்றிவிட்டார், நீங்கள் பேச்சை மட்டும்தான் மாற்றியிருக்கிறீர்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கைதட்டல் வந்ததும் சொந்தமாக நாலு வசனம் சேர்த்தீர்களா? அவருக்கு உறுத்தியது உங்கள் பேச்சா, அந்த நாலு வசனமா? சேர்த்திருந்தால் முதலில் அதை வெட்டுங்கள், பிறகு அவருக்கு எழுதுங்கள். கூடவே அடுத்த காட்சிக்கு ஒரு டிக்கெட்டும் வையுங்கள், கடைசி வரிசையில்.