கிரீஸ் சொல்வது சரியா, துருக்கி சொல்வது சரியா?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். "துருக்கிப் போர் விமானங்கள் எங்கள் வான்வெளிக்குள் அத்துமீறின" என்கிறது கிரீஸ். "சர்வதேச வான்வெளியில்தான் பறந்தோம்" என்கிறது துருக்கி. இருவரிடமும் ராடார் இருக்கிறது. குறிப்பில் எதை எழுதுவது?

பதில்: ராடாரில் சண்டை இல்லை. விமானம் பறந்த இடம் இருவருக்கும் ஒன்றாகவே தெரிந்திருக்கலாம். தகராறு, எல்லைக் கோடு எங்கே என்பதில்தான்.

சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான 1944ஆம் ஆண்டு சிகாகோ ஒப்பந்தப்படி, ஒரு நாட்டின் வான்வெளி என்பது அதன் நிலத்துக்கும் கடல் எல்லைக்கும் மேலே உள்ளது. இரு நாட்டுக்கும் இடையே உள்ள ஏஜியன் கடலில் கிரீஸ் வைத்திருக்கும் கடல் எல்லை கரையிலிருந்து 6 கடல் மைல். ஆனால் வான்வெளிக்கு மட்டும் 1931 முதல் 10 மைல் கேட்கிறது. கீழே 6, மேலே 10! துருக்கி 6க்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை. என்னைக் கேட்டால், இந்த ஒரு விஷயத்தில் சட்டம் துருக்கி பக்கம்தான் சாய்கிறது.

இடையில் உள்ள 4 கடல் மைல் சுமார் 7.4 கிலோமீட்டர். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகும் போர் விமானம் அரை நிமிடத்தில் தாண்டிவிடும். அந்த அரை நிமிடத்துக்கும் கிரீஸ் கண்டனம் அனுப்பும். பேசாமல் இருந்தால் சம்மதித்துவிட்டதாக நாளைக்கு வாதம் வருமே! வெறும் காகிதச் சண்டை என்றும் நினைக்காதீர்கள். 2006 மே மாதம் கார்பதோஸ் தீவருகே இரு நாட்டு எஃப்-16 விமானங்கள் மோதி, கிரேக்க விமானி இறந்தார்.

அதற்காக எல்லாமே 4 மைல் விவகாரம் அல்ல. மக்கள் வாழும் கிரேக்கத் தீவுகளின் தலைக்கு மேலேயே துருக்கி விமானங்கள் பறந்ததுண்டு. அங்கே 6 மைல் கணக்கு துருக்கிக்கு உதவாது.

சரி, குறிப்புக்கு வருவோம். 6 மைலுக்குள் என்றால் "அத்துமீறல்" என்றே எழுதலாம். 6க்கும் 10க்கும் நடுவில் என்றால் "கிரீஸ் உரிமை கோரும் வான்வெளி" என்று எழுதுங்கள். "ஏதென்ஸ் விமானத் தகவல் பகுதி" என்று வந்தால் கவனம். அது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் பகுதி, பெரும்பாலும் சர்வதேசக் கடலுக்கு மேலே இருக்கிறது. அங்கே பயணத் திட்டம் தராமல் பறக்கும் ராணுவ விமானங்களை கிரீஸே அத்துமீறல்களோடு சேர்க்காமல் தனிக் கணக்கில்தான் வைக்கிறது.